சாவி திரும்புகிறது, கார் கிளம்பவில்லை!

பழைய கார் வாங்குகிறவர்கள் எதை எதையோ பார்ப்பார்கள். டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பார்கள். பானெட்டைத் தூக்கி எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுவார்கள். 29, 30 என்ற படிவங்களில் மறக்காமல் கையெழுத்து வாங்குவார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் எண்ண மாட்டார்கள். சாவியை!

புதுக் கார் வாங்கினால் பொதுவாக 2 சாவி தருவார்கள். 10, 12 வருடம் ஓடி, இரண்டு மூன்று கை மாறி அந்தக் கார் நம்மிடம் வரும்போது, பெரும்பாலும் 1 சாவிதான் இருக்கும். “இன்னொன்று வீட்டில் எங்கேயோ கிடக்கிறது. தேடித் தருகிறேன்” என்பார் விற்றவர். அதோடு சரி!

இருக்கிற ஒரு சாவியாவது நன்றாக இருக்குமா? பொத்தான் தேய்ந்து பள்ளமாகி இருக்கும். மூடி கழன்றுவிடாமல் இருக்க ரப்பர் வளையம் சுற்றியிருக்கும். “கடைத்தெருவில் ஒரு டூப்ளிகேட் போட்டால் போயிற்று” என்று கிளம்புகிறோம். சாவிக்காரர் அச்சு அசலாக வெட்டித் தருகிறார். கதவு திறக்கிறது. உட்கார்ந்து திருப்புகிறோம். சாவியும் திரும்புகிறது. செல்ப் “கிர்... கிர்...” என்று சுற்றுகிறது. என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை! மீட்டர் பலகையில் சாவிப் படம் போட்ட ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு எரிகிறது.

“நீ யார்? உன்னை எனக்குத் தெரியாதே!” என்று கார் கேட்கிறது. அந்த விளக்குக்கு அதுதான் அர்த்தம்.

இரும்புச் சாவி போய்...

பழைய அம்பாசிடர் காருக்கு இந்தத் தொல்லை இல்லை. இரும்புச் சாவியின் பல் பொருந்தினால் வண்டி கிளம்பும். திருடனுக்கும் அதுதான் வசதி. சாவியே இல்லாமல், சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் கம்பிகளை இணைத்துக் கிளப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

இதைத் தடுக்க வழி தேடினார்கள். 1986-ம் ஆண்டில் அமெரிக்காவில் செவர்லே கம்பெனியின் கார்வெட் காரில் ஒரு புது யுக்தி வந்தது. சாவியின் தண்டில் கறுப்பாக ஒரு பொட்டு. அது மின்சாரத்தைக் குறிப்பிட்ட அளவுக்குத் தடுக்கும். அந்த அளவு சரியாக இருந்தால்தான் என்ஜின் ஓடும். அளவுகள் மொத்தம் 15 தான். பொறுமையுள்ள திருடன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம் அல்லவா?

அடுத்து வந்ததுதான் சிப். சாவித் தலையின் பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்திருக்கும் மின்னணுச் சில்லு. ஐரோப்பிய நாடுகளில் 1998 அக்டோபர் முதல், புதுக் கார் ஒவ்வொன்றிலும் என்ஜின் பூட்டு இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். இந்தப் பூட்டுக்கு மெக்கானிக்குகள் சொல்லும் பெயர் இம்மொபிலைசர். அசையவிடாமல் நிறுத்துவது என்று பொருள்.

பொத்தானை அமுக்கிக் கதவைத் திறக்கும் ரிமோட் இதற்கு முன்பே பிறந்துவிட்டது. பிரான்ஸ் நாட்டு ரெனால்ட் கம்பெனி 1982-ம் ஆண்டில் பியூகோ என்ற காரில் அதைக் கொடுத்தது.

ஒரு சாவிக்குள் இரண்டு பேர்

இங்கேதான் பலர் குழம்பிப் போகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரிமோட் சாவிக்குள் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கதவுக்காரர். பொத்தானை அமுக்கினால் ரேடியோ அலை அனுப்பிக் கதவைத் திறப்பார். இவருக்குச் சாப்பாடு வேண்டும். சாவிக்குள் இருக்கும் சின்ன வட்ட பாட்டரிதான் அவருடைய சாப்பாடு.

இன்னொருவர் என்ஜின்காரர். அதாவது சிப். இவருக்கு பாட்டரியே வேண்டாம்! சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி, காருக்குள் ஒரு கம்பிச் சுருள் வளையம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்த வளையம் அலைகளை எழுப்பும். பெரும்பாலான கார்களில் வினாடிக்கு 1 லட்சத்து 25 ஆயிரம் அதிர்வு. அந்த அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் ரகசிய எண்ணைச் சொல்லும். காரின் கம்ப்யூட்டர் அதைக் கேட்டு, “நம்ம ஆள்தான்” என்றால் என்ஜினுக்குப் பெட்ரோல் பாயும். இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள்!

ஆகவே, ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் பதற வேண்டாம். இரும்புச் சாவியால் கதவைத் திறந்து உட்கார்ந்தால் வண்டி கிளம்பும். மாற்ற வேண்டியது பாட்டரி மட்டுமே. அதற்குப் போய் “சாவியே போய்விட்டது, புதுசு போடுங்கள்” என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பொத்தானை அமுக்கிக் கிளப்பும் கார்களிலும், பாட்டரி தீர்ந்த சாவியை ஸ்டார்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினால் பெரும்பாலும் கிளம்பும். அந்தச் சாவிக்குள்ளேயே மடக்கி வைத்த இரும்புச் சாவி ஒன்று கதவுக்காக இருக்கும். வண்டியோடு வரும் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள்.

பாட்டரியின் மேல் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கிறதா? அதிலேயே அளவும் இருக்கிறது. 20 மில்லி மீட்டர் அகலம், 3.2 மில்லி மீட்டர் கனம். கடையில் அதே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

தாய்மார்கள் இங்கே கவனிக்க வேண்டும். மாற்றிய பழைய பாட்டரியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தீர்ந்துபோன பாட்டரியிலும் கொஞ்சம் மின்சாரம் மிச்சம் இருக்கும். குழந்தை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் குழாயைப் புண்ணாக்கிவிடும். உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பழைய பாட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்து அப்புறப்படுத்துங்கள்.

குழந்தை விளையாடினால்?

புது பாட்டரி போட்டும் கதவு திறக்கவில்லையா? வீட்டில் பிள்ளைகள் சாவியை வைத்து விளையாடினார்களா என்று கேளுங்கள்.

ரிமோட் ஒவ்வொரு தடவையும் ஒரே சொல்லைச் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால், பக்கத்தில் நிற்கும் திருடன் அதைக் கருவியில் பதிவு செய்து மறுபடி ஒலிபரப்பிவிடுவான். ஆகவே காரிடமும் சாவியிடமும் ஒரே மாதிரி இரண்டு நோட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை அமுக்கினால் ஒரு பக்கம் நகரும். சொன்ன சொல்லை மறுபடி சொன்னால் கார் ஏற்காது. வீட்டுக்குள் இருந்து பிள்ளை பத்து தடவை அமுக்கினால் சாவியின் நோட்டு பத்துப் பக்கம் முன்னே போய்விடும். கார் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பின்னாலேயே எட்டிப் பிடித்துக்கொள்ளும். எல்லை மீறினால், “நீ எந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்றே தெரியவில்லை” என்று கைவிட்டுவிடும். அப்போது ரிமோட்டை மறுபடி காரோடு சேர்த்து வைக்க வேண்டும். சில கார்களில் இதற்கு மெக்கானிக் கூட வேண்டாம்.

மெக்கானிக் கடையில்

பழைய காரைப் பழுது பார்க்கும்போதுதான் சாவிச் சங்கதி பெரிதாகிறது.

என்ஜின் பிடிக்கவில்லை என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பெட்ரோல் பம்பை மாற்றுவார்கள். பிளக்கை மாற்றுவார்கள். பில் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பார்த்தால், சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் அந்தக் கம்பி வளையத்தில் ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கும்! மீட்டர் பலகையில் சாவி விளக்கு முதலிலிருந்தே சிமிட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தேர்ந்த மெக்கானிக் முதலில் அந்த விளக்கைத்தான் பார்ப்பார். பிறகு சாவிக் கொத்தைக் கேட்பார். சிப் வைத்த இரண்டு வண்டிச் சாவிகள் ஒரே வளையத்தில் தொங்கினால், இரண்டும் ஒரே நேரத்தில் பேசி காரைக் குழப்புவது உண்டு. மற்ற சாவியைக் கழற்றினாலே கார் கிளம்பிவிடும். செலவு ஒன்றும் இல்லை!

இன்னொன்று அடிக்கடி நடப்பது. பொத்தான் தேய்ந்த சாவிக்குப் புது மேல்கூடு விற்கிறார்கள். விலை குறைவு. பழைய கூட்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் பச்சைப் பலகையை எடுத்துப் புதுக் கூட்டில் வைத்து மூடுகிறோம். பழைய கூடு குப்பைக்குப் போகிறது. ரிமோட் ஜோராக வேலை செய்கிறது. கார் கிளம்பவில்லை! ஏன்? பல சாவிகளில் சிப் அந்தப் பச்சைப் பலகையில் இருக்காது. தனியாக, கூட்டின் ஒரு மூலையில், அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்புத் துண்டாகவோ கண்ணாடிக் குழலாகவோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் குப்பையில் போட்டோம்! புதுச் சாவி கிளம்பியதை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை பழைய கூட்டை விடாதீர்கள்.

காரின் கம்ப்யூட்டரே பழுதாகி, வேறு போட வேண்டி வந்தால் சங்கடம் இன்னும் அதிகம். ரகசிய எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது அந்தக் கம்ப்யூட்டர்தானே? இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிப் பாகம் விற்கும் இடங்களில், ஒரே காரிலிருந்து கழற்றிய கம்ப்யூட்டர், இம்மொபிலைசர் பெட்டி, சாவி சிப் ஆகியவற்றை ஒரு செட்டாகக் கேட்டு வாங்குகிறார்கள். மூன்றும் ஏற்கெனவே அறிமுகமானவை. தகராறு இல்லை. வேறு காரின் பழைய சாவியை மட்டும் மலிவாக வாங்கி வந்தால் பல நேரம் பயன்படாது. ஒரு காருக்குப் பூட்டப்பட்ட சிப், இன்னொரு காருக்கு வாழ்க்கைப்பட மறுத்துவிடும்.

அறிமுகம் செய்து வைப்பது

புதுச் சாவியைக் காருக்கு அறிமுகம் செய்வதைத்தான் “புரோகிராம் போடுவது” என்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துவாரத்தில் ஸ்கேனர் கருவியைச் சொருகுவார்கள். பல கார்கள் முதலில் ஒரு ரகசிய எண் கேட்கும். வண்டி புதிதாக வந்தபோது சின்ன அட்டையில் அந்த எண்ணைக் கொடுத்திருப்பார்கள். சாவியோடு தொங்கிய தகட்டில் சாவி வெட்டுவதற்கான எண்ணும் இருக்கும். பழைய கார் வாங்கும்போது இந்த அட்டையையும் தகட்டையும் கேட்டு வாங்கியவர் புத்திசாலி.

ஸ்கேனர் போடுமுன் காரின் பெரிய பாட்டரியைக் கவனிக்க வேண்டும். பழைய வண்டியில் அது பலவீனமாக இருக்கும். பாதி வேலையில் மின்சாரம் சரிந்தால், உள்ள சாவியையும் கார் மறந்துவிடக் கூடும். நல்ல மெக்கானிக் சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

சாவிக்கு ஆள் வரும்போது வீட்டில் உள்ள எல்லாச் சாவியையும் கையில் வைத்திருங்கள். பல கார்களில், புதுச் சாவி சேர்க்கும்போது பழைய கணக்கு முழுவதும் அழிந்துவிடும். அப்போது எதிரில் இருக்கும் சாவிகளை மட்டும் கார் புதிதாக எழுதிக்கொள்ளும். மகன் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தால், அவன் திரும்பி வரும்போது அந்தச் சாவி காருக்கு அந்நியன்!

கருவி இல்லாமலே அறிமுகம் செய்யும் கார்களும் உண்டு. அமெரிக்காவில் ஓடும் பழைய போர்டு கார்கள் பலவற்றில் இப்படி ஒரு வழி: காருக்குத் தெரிந்த முதல் சாவியைப் போட்டுத் திருப்பி எடுக்க வேண்டும். சில வினாடிக்குள் தெரிந்த இரண்டாவது சாவி. அடுத்த சில வினாடிக்குள் புதுச் சாவி. அவ்வளவுதான்; கார் ஏற்றுக்கொள்ளும். கல்யாணத்துக்கு இரண்டு சாட்சி கேட்பது மாதிரி! தெரிந்த சாவி ஒன்றுதான் இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். செவர்லே, பியூக் பழைய கார்கள் சிலவற்றிலோ சாவியைத் திருப்பி வைத்துவிட்டு 10 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கு அணையும். அணைத்துவிட்டு மறுபடி 10 நிமிடம். மறுபடி 10 நிமிடம். அரை மணி நேரம் ஆகும். அவசரப்படும் திருடனுக்கு அரை மணி நேரம் ஏது?

ஆனால் எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால் இந்த வேடிக்கை எல்லாம் நின்றுவிடும். 1990-களின் கடைசியில் வந்த டொயோட்டா கார்கள் சிலவற்றில், தலைமைச் சாவி முழுவதும் தொலைந்தால் என்ஜின் கம்ப்யூட்டரையே மாற்றவோ, பிரித்து அதன் நினைவை அழித்து எழுதவோ வேண்டியிருந்தது. இப்போது வழிகள் கொஞ்சம் சுலபமாகியிருக்கின்றன. ஆனாலும் ஒரு சாவி கையில் இருக்கும்போது இரண்டாவது போடும் செலவு வேறு. ஒன்றும் இல்லாமல், வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாவி போடும் செலவு வேறு. பழைய கார் வாங்கினால், சீட்டு உறை மாற்றுவதற்கு முன் இரண்டாவது சாவிக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள் என்பேன்.

பூட்டு இல்லாத கார்கள்

“இந்தச் சிப் இல்லாவிட்டால்தான் என்ன? தொல்லை விட்டது” என்று சிலர் இம்மொபிலைசரையே கழற்றிவிடச் சொல்கிறார்கள். பழைய சிப்பை அந்த வளையத்தின் மேலேயே டேப் போட்டு ஒட்டிவிடும் மெக்கானிக்கும் உண்டு. அப்புறம் எந்த இரும்புச் சாவி திரும்பினாலும் வண்டி கிளம்பும். திருடன் சாவியும்தான்!

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே இந்தப் பூட்டுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. 2015-ம் ஆண்டு மாடல்களை எடுத்துக்கொண்டால், மற்ற கம்பெனிக் கார்களில் 100-க்கு 96-ல் இம்மொபிலைசர் நிரந்தரமாக இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 100-க்கு 26-ல் மட்டுமே! இன்சூரன்ஸ் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று எடுத்த கணக்கு இது. 2021-ம் ஆண்டில் மில்வாக்கி நகரத்தில் இந்தக் கார்கள் வரிசையாகத் திருடு போயின. 2022-ல் திருடும் விதத்தைப் பையன்கள் படம் பிடித்து டிக்டாக்கில் போட, நாடு முழுவதும் பரவியது. அதனால் நடந்த விபத்துகளில் உயிர்களும் போயின. 2023 பிப்ரவரியில் கம்பெனிகள் 83 லட்சம் கார்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் திருத்தம் அறிவித்தன. அதே ஆண்டு மே மாதம், வழக்கை முடிக்கச் சுமார் 20 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டன. பக்கத்து நாடான கனடாவில் 2007 செப்டம்பர் முதல் இம்மொபிலைசர் கட்டாயம். அங்கே விற்ற அதே கம்பெனிக் கார்களில் பூட்டு இருந்தது!

அந்த இன்னொரு சாவி

மறுபடி நம் ஊருக்கு வருவோம். விற்றவர் “தேடித் தருகிறேன்” என்றாரே, அந்தச் சாவி எங்கே?

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டியதும் திரையைப் பார்த்துச் சொல்வார்: “சார், உங்க வண்டியில 3 சாவி பதிவு ஆகி இருக்கு. உங்ககிட்ட எத்தனை இருக்கு?”

“ஒண்ணுதான் தம்பி.”

“மத்த ரெண்டும்?”

யாருக்குத் தெரியும்? ஆகவே அவரிடம் “பழைய கணக்கை அழித்துவிட்டு, இப்போது இருக்கும் சாவியை மட்டும் பதிவு செய்யுங்கள்” என்று சொல்லுங்கள். புதுச் சாவி சேர்க்கும்போதே செய்தால் தனிச் செலவு ரொம்ப இருக்காது.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய ரகச் சிப்பை அப்படியே நகல் எடுக்கிறார்கள் சில சாவிக்காரர்கள். அசலும் நகலும் சொல்லும் எண் ஒன்றே. காருக்கு இரண்டும் ஒரே சாவி! திரையில் “1” என்றுதான் வரும். உலகத்தில் எத்தனை நகல் இருக்கிறதோ! சந்தேகம் இருந்தால் பழைய சிப்பை அடியோடு விட்டுவிட்டு, இரண்டு புதுச் சிப் போட்டுக்கொள்வதே பத்திரம்.

இன்சூரன்ஸ் விஷயமும் உண்டு. கார் திருடு போய் நஷ்ட ஈடு கேட்டால், கம்பெனி எல்லாச் சாவியையும் ஒப்படைக்கச் சொல்லும். “ஒன்றுதான் இருக்கிறது” என்றால் கேள்வி மேல் கேள்வி வரும். வாங்கும்போதே, இத்தனை சாவிதான் கொடுத்தேன் என்று விற்றவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் சாவி தொலைந்தால் போலீசில் எழுதிக் கொடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள். புதுச் சாவி போட்ட பில்லையும் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.

எல்லாம் முடிந்தபிறகு ஒரு நாள் அந்தப் பழைய சாவி யார் கையிலாவது கிடைத்தால்? என்ஜின் பிடிக்காது. ரிமோட் பதிவையும் சேர்த்து அழித்திருந்தால் பொத்தானும் வேலை செய்யாது. ஆனால் இரும்புப் பல் அப்படியேதான் இருக்கிறது. கதவை அது திறக்கும். காருக்குள் கைப்பையோ, பள்ளிக்கூடச் சான்றிதழோ, நகையோ வைத்துவிட்டுப் போகாதீர்கள். அதுவும் கூடாது என்றால் கதவுப் பூட்டின் உருளையை மாற்ற வேண்டும். அதற்கு ஸ்கேனர் தேவையில்லை. ஸ்குரூ டிரைவர் போதும்.